தொப்புள்கொடி அறுத்த கை

எங்க ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும். தன் கையில் விழுந்த பிள்ளைகளை அது வருசத்தால் எண்ணாது. 'பெரிய பஞ்சத்துல பொறந்தவன்', 'எம்ஜிஆரு செத்த வருசம் பொறந்தவ', 'ஏரி ஒடைஞ்ச அன்னிக்கி ராத்திரி பொறந்த ரெட்டை' என்றுதான் கணக்கு. நூறு தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டதாம். அந்த நூறில் பாதிக்கு மேல் ஊர்ப் பிள்ளைகள். சேரிப் பிள்ளைகள் மீதி.

தருமபுரி மாவட்டத்தில், அரூர் சாலையிலிருந்து ஒதுங்கிக் கிடக்கும் சேரி எங்களுடையது. ஊரில் எந்த வீட்டில் வலி எடுத்தாலும் ராத்திரியில் ஆள் வரும். லாந்தரைத் தூக்கிக்கொண்டு, தெருமுனையிலேயே நின்றுகொண்டு, ஆயாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட வந்தவனுக்குப் பதினைந்து வயசு இருக்கும். ஆயாவுக்கு ஐம்பது. பின்வாசல் வழியாக உள்ளே போகும். பிள்ளை வெளியே வரும்வரை தீட்டு இல்லை. ஆயா அந்தப் பெண்ணின் தொடையைப் பிடிக்கலாம், வயிற்றைத் தடவலாம், கொடியை அறுக்கலாம். நஞ்சைப் புதைத்து, ரத்தச் சேலையை அலசிப் போட்டுவிட்டு, வந்த வழியே வெளியே வரவேண்டும். கூலி ரெண்டு படி கேவுரு, ஒரு பழைய சேலை, வெத்தலை பாக்கு. முப்பது நாள் கழித்து அதே வீட்டுக்குத் தண்ணி கேட்டுப் போனால், கொட்டாங்குச்சியில் எட்ட நின்று ஊற்றுவார்கள்.

இதை நான் ஆயாவிடம் கேட்டிருக்கிறேன். "ஒனக்குக் கோவம் வராதா ஆயா?"

"கோவம் வந்தா புள்ள நின்னுருமா? அது வந்துனே இருக்கும்."

1984-இல் எங்க பெரிய அத்தைக்கு வலி எடுத்தது. பிள்ளையின் கை முதலில் வெளியே வந்துவிட்டது. ஆயா தொட்டுப் பார்த்ததுமே சொல்லிவிட்டது, இது என் கையில் இல்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கடா என்று. ஊரில் ஒரு வீட்டில் டிராக்டர் இருந்தது. அந்த வீட்டில் மட்டும் ஆயா மூன்று பிள்ளைகளை எடுத்திருக்கிறது. தாத்தா ஓடிப்போய் வாசலில் நின்றார். டிரைவர் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். டிரைவர் எங்கள் தெருக்காரர். அவர் தாத்தாவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். கயித்துக் கட்டிலில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் இறக்கி வைத்தார்கள். அதற்குமேல் தூக்கத் தேவையில்லாமல் போய்விட்டது. சொந்த மகள். நூறு பேரைப் பிழைக்கவைத்த கை பக்கத்திலேயே இருந்தது.

இன்னொன்றையும் எழுதவேண்டும். எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். நம் ஆட்களைப் பற்றி நாமே எழுதும்போது நல்லதை மட்டும் எழுதினால் அது சாட்சியம் ஆகாது.

எங்கள் மாவட்டத்துக்குப் பெண் சிசுக் கொலை என்றொரு கெட்ட பேர் உண்டு. சேலத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கினார்கள். பிறகு அது தருமபுரிக்கும் வந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கில் தருமபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகள் ஆயிரம் பேருக்குப் பெண் பிள்ளைகள் 826 பேர்தான். கணக்கெடுப்பவர்கள் எண்ணினார்கள். அந்த எண்ணுக்குள் நடந்தது எங்க ஆயாவுக்குத் தெரியும். மூன்றாவதும் பொட்டை என்றால் பிரசவம் பார்த்தவளையே கூப்பிட்டு, 'நீயே முடிச்சிட்டுப் போ' என்பார்கள். கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் கேட்டேவிட்டேன், நீ செஞ்சிருக்கியா என்று. ரொம்ப நேரம் ஆயா பேசவில்லை. அப்புறம் சொன்னது:

"ரெண்டு ஊட்ல எழுந்து வெளிய வந்துட்டேன். ஒரு ஊட்ல வரமுடியல. கதவச் சாத்திட்டானுங்க."

அதற்குமேல் நானும் கேட்கவில்லை, ஆயாவும் சொல்லவில்லை. அந்தப் பதிலை இத்தனை வருசமாகச் சுமக்கிறேன். மாட்டேன் என்று சொல்ல முடியாத கை அது. சொன்னால் கேவுரு வராது, காட்டு வேலை வராது, தாத்தாவைக் கட்டிவைத்து அடிப்பார்கள். தொழில் தெரியும், அதிகாரம் கிடையாது. காப்பாற்ற ஓடினால் டிராக்டர் கொடுக்கமாட்டார்கள். கொல்லமாட்டேன் என்றால் கதவைத் திறக்கமாட்டார்கள்.

இனி என் கதை. 2017-இல் எனக்கு முதல் பிள்ளை பிறந்து எட்டு மாதம். பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பவும் நாள் தள்ளிப்போனது. ரத்தம் குறைவு. முதல் பிரசவத்திலேயே ரெண்டு பாட்டில் ஏற்றியிருந்தார்கள். வீட்டுக்காரர் ஓசூர்ப் பக்கம் வேலையில் இருந்தார். இது வேண்டாம் என்று நான்தான் முடிவு செய்தேன். அவரிடம் போனில் சொன்னேன், சரி என்றார். பேர் சொல்ல விரும்பாத ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். எட்டு வாரம்.

வரிசையில் நின்று உள்ளே போனதும் முதல் கேள்வி, "புருசன் எங்கே?" அவர் கையெழுத்து இல்லாமல் ஆகாது என்றார்கள். ரெண்டாவது, "எத்தினி புள்ள?" ஒன்று என்றேன். கருவைக் கலைக்கவேண்டுமென்றால் கூடவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசனும் பண்ணிக்கணும், சும்மா சும்மா வந்து நிக்கக்கூடாது என்றார்கள். ஆபரேசன் வேண்டாம், இன்னொரு பிள்ளை பின்னால் பெற்றுக்கொள்வேன் என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் சீட்டைப் பார்த்தார், கிராமத்துப் பேரைப் பார்த்தார், அடுத்தாற்போல் எழுதியிருந்த 'காலனி' என்பதைப் பார்த்தார். "ஒங்காளுங்களுக்கு எத்தன சொன்னாலும் புரியாது" என்றார். அடுத்த சீட்டை எடுத்துவிட்டார்.

நான் எம்.ஏ. தமிழ். மேடையில் பேசுகிறவள். அன்றைக்கு அந்த மேசைக்கு முன்னால் ஒரு வார்த்தை வரவில்லை. தொல்காப்பியத்தில் எந்த இயலில் எந்த நூற்பா என்று சொல்வேன். என் வயிற்றைப் பற்றிய சட்டத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

நாலு நாள் கழித்து யாரோ சொன்ன கடையில், சீட்டு இல்லாமல், பொட்டலத்தில் மடித்துக் கொடுத்த மாத்திரையை வாங்கினேன். நான் மாத்திரையைக் குறை சொல்லவில்லை. மருத்துவர் பார்த்து, எத்தனை வாரம் என்று தெரிந்து, முறையாகக் கொடுத்தால் அது பாதுகாப்பானதுதான். எனக்குக் கிடைத்தது எது, எத்தனை போடவேண்டும், எப்போது பயப்படவேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. மூன்றாம் நாள் ரத்தம் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணி ஆட்டோவில் ஏற்றி வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு பெண் மருத்துவர். வயசானவர். புருசன் எங்கே என்று கேட்கவில்லை. என்ன சாதி என்று கண்ணால்கூடக் கேட்கவில்லை. படிவத்தை நீட்டினார். வீட்டுக்காரர் வர ராத்திரி ஆகும் என்று அண்ணி சொன்னபோது, "அவர் வந்து என்ன பண்ணப்போறார்? கையெழுத்து இவளோடதுதான் வேணும். சட்டமே அதான்" என்றார்.

மயக்கத்துக்குப் போவதற்கு முன்னால் நான் கேட்ட கடைசி வார்த்தை அது. சட்டமே அதான்.

பிழைத்து வந்த பிறகு அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டம், 312-ஆம் பிரிவு, கருவைக் கலைப்பதைக் குற்றம் என்றது. தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் அதில் குற்றவாளி. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 88-ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. எருக்கங்குச்சியாலும் கண்ட மருந்தாலும் பெண்கள் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, 1964-இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1966-இல் அறிக்கை வந்தது. அதன்மேல்தான் 1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் பிறந்தது. பதினெட்டு வயசு ஆன பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்று போதும் என்று அன்றைக்கே அதில் எழுதியிருக்கிறது. புருசன் கையெழுத்து என்று ஒரு வரி கிடையாது. ஆபரேசன் பண்ணிக்கொண்டால்தான் என்றும் ஒரு வரி கிடையாது. நான் அந்த மேசைக்கு முன்னால் நின்றபோது அந்தச் சட்டத்துக்கு நாற்பத்தாறு வயசு.

ஆனால் திரும்பத் திரும்பப் படித்தபோது வேறொன்றும் தெரிந்தது. அந்தச் சட்டம் பெண்ணுக்கு உரிமை கொடுத்த சட்டம் இல்லை. பதிவு பெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு 'இது தேவை' என்று கருதினால் அவர் குற்றவாளி ஆகமாட்டார். அவ்வளவுதான். மருத்துவரைச் சிறையிலிருந்து காப்பாற்றும் சட்டம். சாவி அவர் கையில். அவர் கருதினால் கதவு திறக்கும். கருதுகிறவர் மனசில் சாதி இருந்தால்? பயம் இருந்தால்?

அம்பேத்கர் இதை வேறு விதமாகப் பார்த்தவர். 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளர்களின் பேறுகாலச் சலுகைக்காகப் பேசினார். 1938 நவம்பர் 10-இல் கர்ப்பத்தடை வசதிகளை அரசே ஏற்படுத்தித் தரவேண்டும் என்று அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி பம்பாய் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது. அவர் அன்றைக்கு வரமுடியாததால் கட்சிக்காரர் ரோஹம் அவருடைய உரையை வைத்துப் பேசினார். தீர்மானம் தோற்றது. அதே காலத்தில் இங்கே பெரியார், பெண் விடுதலைக்குக் கர்ப்பத்தடை வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது பெண்ணின் கையில் இருக்கவேண்டிய விசயம் என்பது நமக்கு மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு இல்லை தோழர்களே. நம் வீட்டுச் சொத்து.

நமக்கு அரசு தேடிவந்து கொடுத்தது ஒன்றுதான், கத்தி. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூரில் ஒரே முகாமில், சில மணி நேரத்தில், ஒரே மருத்துவர் 83 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள். எல்லாம் ஏழைப் பெண்கள். தலித்துகளும் பழங்குடிகளும் பிற்பட்டவர்களும். 2016-இல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட முகாம்களை மூன்று வருசத்துக்குள் நிறுத்தச் சொன்னது. பெறவேண்டாம் என்று நாம் கேட்டால் கிடைக்காது. பெறவே கூடாது என்று அவர்கள் முடிவுசெய்தால் வண்டி வீட்டு வாசலுக்கே வரும். என்னிடம் அந்த மேசையில் கேட்டதும் இதே பேரம்தான்.

மருத்துவர்கள் எல்லோரும் மேசைக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2008-இல் மும்பையில் நிகில் தாத்தர் என்ற மகப்பேறு மருத்துவர், வயிற்றுப் பிள்ளைக்கு இதயக் கோளாறு என்று இருபது வாரத்துக்குப் பிறகு தெரிந்த ஒரு தம்பதியோடு சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சட்டம் இருபது வாரத்தோடு நிற்கிறது, ஸ்கேன் அதற்குப் பிறகுதான் சொல்கிறது, நான் என்ன செய்ய என்று கேட்டார். தோற்றார். விடாமல் உச்ச நீதிமன்றம் போனார். 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. சில வகைப் பெண்களுக்கு 24 வாரம்வரை என்று ஆனது. 'கணவன்' என்ற சொல் போய் 'துணை' என்ற சொல் வந்தது. 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம், கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் அந்த 24 வாரம் உண்டு என்றது. குடும்பத்தார் சம்மதம், அந்தச் சான்றிதழ், இந்தச் சான்றிதழ் என்று சட்டத்தில் இல்லாததை மருத்துவர்கள் கேட்கக்கூடாது என்றும் சொன்னது.

அயர்லாந்தில் 2012-இல், கர்நாடகத்து பெல்காமிலிருந்து போன சவிதா ஹாலப்பனவர் என்ற பல் மருத்துவர், கருச்சிதைவு நடந்துகொண்டிருக்கும்போதே கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, ரத்தத்தில் கிருமி பரவிச் செத்தார். அங்கே மகப்பேறு மருத்துவர்களே வெளியில் வந்து, இந்தச் சட்டம் எங்கள் கையைக் கட்டுகிறது என்று பேசினார்கள். 2018-இல் மக்கள் வாக்கெடுப்பில் தடை போனது. அமெரிக்காவில் 2022 ஜூனில் நேர் எதிராக நடந்தது. ஐம்பது வருசமாக இருந்த உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றமே எடுத்துவிட்டது. அங்கேயும் மருத்துவர்கள் சேர்ந்து நிற்கிறார்கள். தனி மருத்துவர் பயப்படுவார். பயந்தால் கதவைச் சாத்துவார். பத்துப் பேர் சேர்ந்தால் பயம் பத்தில் ஒன்றாகும்.

இதெல்லாம் நீதிமன்றத்தில் நடந்த சண்டை. நீதிமன்றத் தீர்ப்பு எங்கள் பக்கத்து மலை ஏறி வராது. மலைக்கு யார் ஏறினார்கள் என்று எங்களுக்குத் தெரியும். 1992 ஜூன் 20-இல் அரூர் பக்கத்து வாச்சாத்திக்கு, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் படையாகப் போனார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் செத்துப்போனார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பழங்குடிப் பெண்ணின் உடம்பை அழிக்க அத்தனை பேரை அனுப்ப முடிந்த அரசுக்கு, அதே மலைச்சரிவில் பிரசவம் பார்க்க ஒரு டாக்டரை அனுப்ப முடியவில்லை.

அடுத்த வருசம், 1993-இல், அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போகும் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்குக்கு ரெண்டு மருத்துவர்கள் வந்தார்கள். ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி. ரெண்டு பேரும் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள், காந்திகிராமத்தில் வேலை பார்த்தவர்கள். லலிதா மகப்பேறு மருத்துவர். சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் இருக்கும் அந்த இடத்திலிருந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்கு 48 கிலோமீட்டர். பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளில் 147 பிள்ளைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. ஊர்க்காரர்கள் போட்டுக் கொடுத்த ஒரு குடிசையில் ஆரம்பித்தார்கள். ஒரு பல்பு, ஒரு பெஞ்சு. பிரசவமும் ஆபரேசனும் அதன்மேல்தான்.

ரெண்டு டாக்டர்கள் வந்து சேவை செய்தார்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போவதற்காக நான் இதை எழுதவில்லை. அவர்கள் செய்த காரியத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மலையாளிப் பழங்குடிகளில் பள்ளிக்கூடம் கொஞ்சம் போன பெண் பிள்ளைகளைச் சேர்த்து நர்சு வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். பிரசவம் பார்க்க, தையல் போட, ஆபரேசனில் கூட நிற்க. ஒவ்வொரு ஊரிலும் வயசான பெண்கள் சிலரை ஊரே தேர்ந்தெடுத்தது. கர்ப்பிணி வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, பிறந்த பிள்ளையை நிறுப்பது, ஆபத்து என்றால் சொல்லி அனுப்புவது அவர்கள் வேலை. அதாவது எங்க ஆயா மாதிரிப் பெண்களைப் பின்வாசலில் நிறுத்தாமல் உள்ளே உட்காரவைத்தார்கள். தெரிந்ததை மதித்து, தெரியாததைச் சொல்லிக்கொடுத்து, பின்னால் ஓர் ஆஸ்பத்திரியையும் வண்டியையும் நிறுத்தினார்கள். 147 என்பது இருபது அளவுக்கு இறங்கியது. அத்தைக்கு இல்லாதது இதுதான். ஆயாவின் கைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு தோழர் குறுக்கே கேட்பார். கூட்டங்களில் கேட்டுமிருக்கிறார்கள். 'தருமபுரியில் நின்றுகொண்டு கருக்கலைப்பு உரிமை பேசுகிறாயே, பெண் சிசுவைக் கொன்ற மாவட்டம் ஆச்சே? இப்போதுகூட வீட்டுக்குள் ஸ்கேன் மிசினை வைத்துக்கொண்டு ஆணா பெண்ணா என்று சொல்லும் கும்பல்கள் பிடிபடுகின்றனவே?' நியாயமான கேள்வி. அந்தக் கும்பலைப் பிடிக்கத்தான் வேண்டும். பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. 2011 கணக்கில் 826 என்பது 913 ஆனதில் நம் பெண்கள் இயக்கங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தைக் காட்டி இந்தச் சட்டத்தை மூடுகிறார்கள். எட்டு வாரத்தில் ஸ்கேனில் பாலினம் தெரியாது. எட்டு வாரத்தில் போன என்னை எதற்குத் திருப்பி அனுப்பினார்கள்? அரசு மருத்துவமனையில் மறுத்தால் பெண் எங்கே போவாள்? பொட்டலக் கடைக்கும் அந்தக் கும்பலிடமும்தான் போவாள். கும்பலுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அந்த மேசைதான்.

பொட்டையைக் கொல் என்று ஆயாவைக் கதவைச் சாத்தி வைத்தவனும், புருசன் கையெழுத்து கொண்டா என்று என்னைத் திருப்பி அனுப்பியவரும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறார்கள். ரெண்டு இடத்திலும் பெண்ணின் முடிவு கணக்கில் இல்லை. ரெண்டு இடத்திலும் அவளைத் தொடுகிற கைக்குச் சுயமாக ஒன்றும் செய்ய அதிகாரம் இல்லை, அல்லது அந்தக் கைக்குச் சாதி இருக்கிறது. ஆயா தனி ஆள், அதனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஒரு மருத்துவர் தனி ஆளாக இருந்தால் அவராலும் முடியாது. மேலதிகாரி, போலீசு, ஊர்ப் பெரிய மனுசன், புருசன் வீட்டு ஆட்கள் என்று வரிசையாக வருவார்கள். ஆகவே மருத்துவர்கள் சேரவேண்டும். தங்கள் சம்பளத்துக்கும் பாதுகாப்புக்கும் போராடிய சங்கங்கள் இதற்கும் வாய் திறக்கவேண்டும். 'சம்மதம் கர்ப்பிணியுடையது மட்டும், ஆபரேசன் நிபந்தனை கிடையாது' என்று ஒவ்வொரு அரசு மருத்துவமனைச் சுவரிலும் தமிழில் எழுதிப்போட அவர்கள் சொன்னால் ஒரே வாரத்தில் நடக்கும். சேரும்போது நர்சையும் ஆயாம்மாவையும் துப்புரவுத் தொழிலாளியையும் வெளியே நிறுத்தக்கூடாது. எனக்கு ரத்தம் கொட்டியபோது ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடியவர் எங்கள் தெருப் பெண் போன்ற ஒருவர்தான்.

தமிழ்நாட்டில் இன்றைக்கு 99 சதவீதத்துக்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். இது சின்ன சாதனை இல்லை. இனி எந்த அத்தையும் கட்டிலில் கட்டித் தூக்கப்பட்டுப் பாதி வழியில் சாகவேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் போன பிறகு அவளை மனுசியாக நடத்துகிறார்களா என்று எந்தக் கணக்கும் கேட்பதில்லை.

ஆயா 2019-இல் செத்தது. கடைசி நாட்களில் கை நடுங்கிக்கொண்டே இருக்கும். எடுத்துப் பிடித்துக்கொள்வேன். ஊரிலிருந்து சாவுக்கு நாலைந்து பேர் வந்தார்கள், தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆயா கொடி அறுத்த ஆட்கள்தான்.

இப்போது எங்கள் சேரியில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூடுகிறோம். அந்தச் சட்டத்தைப் பேச்சுத் தமிழில் சொல்கிறேன். முதல் நாள் ஓர் அக்கா கையைத் தூக்கினார். நாலு பிள்ளை பெற்றவர். "புருசன் கையெழுத்து வேணாமா? நெசமாவா? அப்ப எங்கிட்ட மூணு தடவ கேட்டாங்களே?" என்றார். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவள் நான் இல்லை. இதைப் படிக்கும் மருத்துவர்கள், மருத்துவ மாணவர்கள் யாராவது இருந்தால் ஒரு ஞாயிறு வாருங்கள், அந்த அக்காவுக்கு நேரில் சொல்லுங்கள். முன்வாசல் வழியாகவே வரலாம். எங்கள் வீடுகளுக்குப் பின்வாசல் கிடையாது.